எட்டுப் படங்களில் ஒரு புள்ளி

ஜெனிஸ்டாவின் பேஸ்புக் பக்கத்தில் 2024 ஜூன் 27, வியாழக்கிழமை, மாலை 6.41க்கு ஒரு கொமென்ட் விழுந்தது. எழுதியவரின் பெயருக்குப் பக்கத்தில் முகம் இல்லை. ஒரு ரோஜாப்பூ மட்டும் இருந்தது. "போத்தலுக்குள்ள கறுப்பா பூஞ்சணம் தெரியுது. இத சாப்பிட்டா ஆஸ்பத்திரிதான்" என்று எழுதி, அன்று காலை ஜெனிஸ்டா போட்ட படத்தையே கீழே திருப்பிப் போட்டிருந்தார்கள். போத்தலின் அடிப்பக்கத்தில் சிவப்பில் ஒரு வட்டம். வட்டத்துக்குள் உண்மையாகவே கடுகளவு கறுப்புப் புள்ளி ஒன்று இருந்தது.

ஏழே கால் ஆவதற்குள் இன்னும் ஏழு படங்களில் அதே வட்டம் வந்துவிட்டது. மொத்தம் எட்டு. எல்லாமே அந்த ஜூன் மாதத்தில் போட்டவை.

ஜெனிஸ்டா என் எதிர்வீடு. மாத்தளைப் பக்கம், உக்குவளை ஸ்டேஷனுக்கு மேலே ஏறும் பாதையில் இடதுபக்கம் அவர்கள், வலதுபக்கம் நான். 1988இல் இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில், லொறி ஓட்டுநர் ஒருவரின் நான்காவது மகளாகப் பிறந்தவர். சாதாரண தரப் பரீட்சை வரை படித்தார். அதன்பின் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் செக்கராக வேலை பார்த்தார். தைத்து வரும் சட்டையை வெளிச்சத்தில் விரித்து, கறையோ விட்டுப்போன தையலோ கண்டால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு போட்ட ஸ்டிக்கரை ஒட்டுவதுதான் வேலை. ஒவ்வொரு சட்டைக் கட்டிலும் தைத்தவரின் இலக்கம் இருக்கும். கறையைக் கண்டால், அடுத்த நிமிடம் ஆளும் தெரிந்துவிடும். ஒன்பது வருடத்தில் ஆளில்லாத கறை ஒன்றைக்கூடத் தான் கண்டதில்லை என்று அவர் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

கணவர் சசிக்குமார் பாடசாலை வேன் ஓட்டுகிறார். சைவக் குடும்பத்துப் பிள்ளை. 2014இல், கலியாணத்துக்கு மூன்று வாரம் முன்னால் ஞானஸ்நானம் பெற்று யோசேப்பு ஆனார். கோயில் பதிவேட்டுக்கு வெளியே யாரும் அவரை அந்தப் பெயரில் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. 2019இல் வேனின் முன்கண்ணாடியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துத் தொங்கவிட்டார். ஜெனிஸ்டா அதை அறுத்து ஓடையில் எறிந்துவிட்டு, இன்னொரு முறை கண்டால் பாதரிடம் சொல்வேன் என்றார். அது பாதைக்கே கேட்டது.

எங்கள் பக்கத்தில் சாதிக்காய் பறிப்பவர்கள் கொட்டையையும் அதைச் சுற்றியுள்ள சிவப்புப் பத்திரியையும் எடுத்துக்கொண்டு, தடித்த வெளித்தோலை மரத்தடியிலேயே கொட்டிவிடுவார்கள். ஜெனிஸ்டா அந்தத் தோலைக் கேட்டு வாங்கி, சீவி, உப்பில் ஊறவைத்து, வினாகிரி, கடுகு, மிளகாய்த்தூள், சின்ன வெங்காயம் சேர்த்து அச்சாறு போட்டார். எறிகிற சாமானைப் போத்தலில் அடைத்து விற்கிறாளே என்று முதலில் சந்தேகப்பட்டவர்களில் நானும் ஒருவன். சுவைத்த பிறகு அந்தச் சந்தேகத்தை விட்டேன். 2024 ஜனவரி 14இல் "ஜெனி அச்சாறு" என்று பேஸ்புக்கில் பக்கம் திறந்தார். இலங்கையில் எங்கிருந்தும் ஓடர் வரலாம் என்றார். அந்தப் பேச்சை நான் நம்பவில்லை. முதல் மாதத்தில் கிடைத்த 412 லைக்குகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். அறுபத்தொரு பேருக்கு முகமே இல்லை.

பக்கத்துக்கான வேலை மூன்று இடத்தில் நடந்தது. படம் எடுப்பது சசிக்குமார். செவ்வாயும் வியாழனும் அவருக்கு இரத்தோட்டைக்கு நிரந்தர வாடகை ஓட்டம் ஒன்று இருந்தது. முந்திய நாள் அடைத்த போத்தல் ஒன்றைக் கையோடு கொண்டுபோய், பாலத்துச் சுவரில், தேயிலைக்கு நடுவில், சில நாள் ரிவர்ஸ்டன் மலை வரை ஏறிப் பனிமூட்டத்துக்கு முன்னால் வைத்து போனில் எடுப்பார். அதை வாட்ஸ்அப்பில் மாத்தளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள ஸ்டூடியோவுக்கு அனுப்புவார். அங்கே சர்மிளா என்ற பெண் அதில் பெயரும் தொலைபேசி இலக்கமும் எழுதி விளம்பரமாக்குவார். எழுத்து எப்போதும் தங்க நிறம். பிறகு ஜெனிஸ்டா அதைப் பக்கத்தில் போடுவார்.

அச்சாறு போடும் வேலையில் உதவிக்கு வந்தவர் நிஷ்மியா. இருபத்தொன்பது வயது, கணவர் கத்தாரில். வீட்டில் தையல் வேலையும் உண்டு. ஆகையால் திங்களும் புதனும் மட்டும் வருவார். அந்த இரண்டு நாளும் கூடுதலாகப் போத்தல் அடைப்பார்கள். வெள்ளி, சனியில் ஜெனிஸ்டா தனியாகக் கொஞ்சம் அடைப்பார். எந்தத் திகதியில் எத்தனை போத்தல், யார் அடைத்தது என்று பதிவேடு வைக்க வேண்டும், ஒவ்வொரு தடவையிலும் ஒரு போத்தலை மாதிரியாக எடுத்துவைக்க வேண்டும் என்று சுகாதாரப் பரிசோதகர் சொல்லியிருந்தார். அந்தப் பதிவேட்டை எழுதும் வேலையை ஜெனிஸ்டா என்னிடம் தந்தார். சசிக்குமார் படம் எடுக்கக் கொண்டுபோன போத்தல் வெயிலிலும் பனியிலும் கிடந்து லேபல் சுருங்கித் திரும்பிவரும். விற்க முடியாத அதையே மாதிரிப் போத்தலாக என் வீட்டுப் பெட்டியில் வைத்தோம்.

மே 30இல் போட்ட ரிவர்ஸ்டன் படத்தை எட்டாயிரம் பேர் பார்த்ததாக பேஸ்புக் காட்டியது. அந்தப் படத்தைக் கண்டுதான் யாகூப் ஹாஜியார் திரும்பவும் பேசினார். கண்டி ரோட்டில் வெளிநாட்டவர் வந்து இறங்கும் வாசனைத்திரவியத் தோட்டமும் கடையும் அவருடையவை. ஏப்ரலில் ஒரு போத்தலைச் சுவைத்துவிட்டு "பார்ப்போம்" என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையை நம்பி ஜெனிஸ்டா ஏப்ரல் 30இல் தொழிற்சாலை வேலையை விட்டார். ஜூனில் ஹாஜியார் உறுதியாகச் சொன்னார். ஜூலை 15 தொடக்கம் கடை வாசலுக்குப் பக்கத்து அலமாரியில் ஒரு தட்டு முழுவதும் ஜெனி அச்சாறுக்கு. முதல் தடவைக்கு 120 போத்தல்.

இந்த நிலையில்தான் அந்தச் சிவப்பு வட்டங்கள் வந்தன.

ஜூன் 28, வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஹாஜியார் போனில் பேசினார். ஜெனிஸ்டா போனை ஒலிபெருக்கியில் போட்டுக் குசினி மேசையில் வைத்தார். நானும் சசிக்குமாரும் பக்கத்தில் நின்றோம்.

"தங்கச்சி, எட்டுப் படம் எனக்கு வந்திருக்கு. நாலு பேரு அனுப்பியிருக்காங்க. இதென்ன?"

"எனக்கும் தெரியல ஹாஜியார். வீட்ல இருக்கிற போத்தல் பத்தைத் திறந்து பாத்தேன். ஒண்ணுலயும் இல்ல."

"பத்துல இல்ல. எட்டுல இருக்கு. என்ட கடைல ஒரு வெள்ளக்காரன் வயித்தப் புடிச்சிக்கிட்டு நின்டா நான் என்ன செய்ய? யாரு செஞ்ச பிழைன்னு கண்டுபுடிச்சிட்டு பேசுங்க. திங்கட்கிழமைக்குள்ள சொல்லுங்க. இல்லாட்டி தட்ட வேற ஆளுக்குக் குடுப்பேன்."

ஜெனிஸ்டா போனை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அங்கிள், கறை இருக்குன்னா ஆள் இருக்கு. பாருங்க."

நான் பார்த்தேன். படங்களைப் பெரிதாக்கினால் லேபலில் திகதி தெரிந்தது. ஒரு தாளில் மூன்று நிரல் கீறி, முதலாவதில் படம் போட்ட நாளையும், இரண்டாவதில் போத்தல் அடைத்த நாளையும் எழுதினேன். ஜூன் 3, 5, 10, 12, 17, 19, 24, 26. எட்டும் திங்களும் புதனும். வெள்ளி, சனியில் அடைத்தது ஒன்றுகூட இல்லை. மூன்றாவது நிரலில் எட்டு முறையும் நிஷ்மியா என்று எழுதினேன். பதிவேடு என் வீட்டில் இருந்தது. பாதையைக் கடந்து எடுத்துவர இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். நான் எடுக்கவில்லை. மாதிரிப் போத்தல்களும் அங்கேதான் இருந்தன. அவற்றையும் பார்க்கவில்லை.

தாளைப் பார்த்த ஜெனிஸ்டாவின் முகம் இறுகியது. "எட்டுக்கு எட்டு. கையுறையை எங்கயாவது கழட்டி வச்சிட்டு, திரும்பப் போடாம அடைச்சிருக்கா."

சசிக்குமார் சொன்னார்: "விடு ஜெனி. பாவம் அந்தப் புள்ள. வேணும்னு செஞ்சிருக்காது."

"வேணும்னு செஞ்சாளா இல்லையான்னு நான் கேக்கல. அவ கை பட்டதுலதான் வந்திருக்கு."

"ஒரு நாள் பொறுத்துப் பாப்போமே."

"திங்கட்கிழமை ஹாஜியார் தட்ட எடுத்துட்டாருன்னா? திரும்ப அந்த பெக்டரி கேட்டுக்கிட்ட போய் வேல குடுங்கன்னு நிக்கவா? முப்பத்தஞ்சுக்கு மேல ஆள் எடுக்க மாட்டாங்க. எனக்கு முப்பத்தாறு."

சசிக்குமார் வேன் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நிஷ்மியாவுக்காக அவர் இவ்வளவு பேசியது எனக்கு ஒரு மாதிரியாகத்தான் பட்டது. அந்தச் சந்தேகத்தைத் தப்பான பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். அதை இங்கே விவரிக்க விரும்பவில்லை.

ஜூன் 29, சனிக்கிழமை காலை நிஷ்மியாவைக் கூப்பிட்டு, இனி வேலைக்கு வர வேண்டாம் என்று சொன்னார்கள். அவர் உட்காரவில்லை.

"அக்கா, கையுறை இல்லாம நான் ஒரு நாளாவது போத்தலத் தொட்டிருக்கேனா? நீங்க பக்கத்துலதானே நின்டீங்க?"

"நான் உன்னத் திட்டல நிஷ்மியா. கணக்கு அப்படிச் சொல்லுது."

"கணக்கு தானா சொல்லுதா? எழுதின ஆள் சொல்லுறாரா?"

அப்படிக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் தாளை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. கொடியில் காய்ந்துகொண்டிருந்த தன் ஏப்ரனைக்கூட எடுக்காமல் இறங்கிப் போனார்.

பகல் 11.20க்கு ஜெனிஸ்டாவின் பேஸ்புக் பக்கத்தில் அறிவித்தல் வந்தது. சர்மிளா அதை வெள்ளைப் பின்னணியில், தங்க எழுத்தில், மேலே ஒரு பெரிய சரி அடையாளத்தோடு செய்திருந்தார். "எமது பாவனையாளர்களுக்கு: தவறு இனங்காணப்பட்டது. பொதி செய்தவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். இனி எல்லாப் போத்தல்களும் உரிமையாளரின் நேரடிக் கண்காணிப்பில்." பெயர் போடவில்லை. உக்குவளையில் பெயர் தேவைப்படவும் இல்லை. அந்த வீட்டுக்கு உதவிக்கு வந்தது ஒரே ஆள்.

அடுத்த நாள் அதே நேரத்துக்குள் 640 லைக்குகள். "இப்படித்தான் முதலாளி இருக்கணும்", "உடனடி நடவடிக்கை, வாழ்த்துகள்" என்று எழுதினார்கள். ரோஜாப்பூ முகம் ஒன்றும் எழுதவில்லை. திங்கள் காலை ஹாஜியார் பேசினார். தட்டு உண்டு, 15ஆம் திகதி 120 போத்தல் கொண்டுவரலாம் என்றார்.

எனக்கு நிம்மதி வரவில்லை. அப்போதும் நான் சந்தேகப்பட்டது நிஷ்மியா விஷயத்தில் அல்ல. யார் இந்த ரோஜாப்பூ, எட்டுப் படத்தையும் முன்கூட்டியே தேடி வைத்திருந்தது எப்படி என்றுதான் யோசித்தேன். அந்தக் கணக்கு மே 22இல் திறக்கப்பட்டது. நண்பர்கள் பதினொரு பேர். அதில் மூன்று பேர் சட்டென்று அடையாளம் காணக்கூடியவர்கள். ஒருவர் வெள்ளரிக்காய் அச்சாறு விற்பவர். அவர் பெயரைக்கூட எழுதிவைத்தேன்.

ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை, போன மாதத்துப் பதிவேட்டை நான் சுத்தப்படியாக எழுதுவது வழக்கம். ஜூலை 6 அன்று உட்கார்ந்தேன். ஜூன் 17க்கு வந்ததும் பேனையை வைத்துவிட்டேன். என் கையெழுத்தில்தான் இருந்தது: "22 போத்தல். பொதி: ஜெனிஸ்டா மட்டும். நிஷ்மியா வரவில்லை, ஹஜ்ஜுப் பெருநாள்."

அன்றைக்கு அவர் வரவில்லை. அடுத்த நாள் அவர் வீட்டிலிருந்து பெருநாள் இனிப்பாக ஒரு கிண்ணம் வட்டிலப்பம் மட்டும் வந்தது. எனக்கும் பங்கு கிடைத்தது. ஆனால் 17ஆம் திகதிப் போத்தலின் படத்திலும் புள்ளி இருந்தது. நான் திங்கள் என்று எழுதியதால் நிஷ்மியா என்று எழுதியிருந்தேன். கிழமையைப் பார்த்தேன், ஆளைப் பார்க்கவில்லை. படம் எடுத்ததே செவ்வாயும் வியாழனும் என்பதால் எல்லாம் திங்கள், புதன் போத்தல்களாகத்தான் இருக்கும் என்பதையும் யோசிக்கவில்லை.

பெட்டியைத் திறந்து 17ஆம் திகதி மாதிரிப் போத்தலை எடுத்தேன். படத்தில் இருந்த அதே போத்தல்தான். லேபலின் இடதுமூலை கிழிந்திருந்தது, படத்திலும் அப்படியே. ஜன்னலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். புள்ளி இல்லை. மற்ற ஏழையும் எடுத்தேன். ஒன்றிலும் இல்லை. பூஞ்சணம் பரவும், மறையாது.

பாதையைக் கடந்து போய் எட்டுப் போத்தலையும் பதிவேட்டையும் ஜெனிஸ்டாவின் மேசையில் வைத்தேன். அவர் அந்த வரியை வாசித்தார். பிறகு போத்தல்களைத் தொழிற்சாலையில் பழகிய கையால், ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார்.

"அப்ப படத்துலதான்," என்றார். "சர்மிளா."

"ஏன் செய்ய வேண்டும்?"

"ஏன்னு அப்புறம் பாப்போம். கம்பியூட்டர் அவகிட்டதானே இருக்கு? வெள்ளரிக்காய்க்காரனுக்கும் அவதான் போஸ்டர் அடிக்கிறா."

அது எனக்கும் பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் இம்முறை தாளில் எழுதவில்லை.

ஜூலை 8, திங்கட்கிழமை காலை 9.10 பஸ்ஸில் மாத்தளைக்குப் போனோம். சர்மிளா எங்களைக் கண்டதும் புதிய வேலை என்று நினைத்து நாற்காலி இழுத்துப் போட்டார். ஜெனிஸ்டா உட்காராமலே கேட்டார்.

"சர்மிளா, என் படத்துல கறுப்புப் புள்ளி வச்சது நீயா?"

சர்மிளாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கோபம். "அக்கா, நான் ஒரு புள்ளி வைக்கிறதுன்னா தங்கக் கலர்ல வைப்பேன். கறுப்புல எதுக்கு வைக்கிறேன்? இது என்ன கத?"

"அப்ப யாரு?"

"இருங்க. இப்பவே காட்டுறேன். எனக்கு வந்தது வந்த மாதிரியே கிடக்குது."

வாட்ஸ்அப்பில் வந்த படங்களைத் திகதிவாரியாகத் திறந்தார். தங்க எழுத்து இல்லாத, இலக்கம் இல்லாத, வெறும் போத்தல்கள். ஜூன் 4, ஜூன் 6, ஜூன் 11. எல்லாவற்றிலும் அடிப்பக்கத்தில் அந்தப் புள்ளி இருந்தது. மே மாதத்துப் படங்களைத் திறந்தார். அவற்றில் இல்லை.

"பாத்தீங்களா? எனக்கு அனுப்பினதே இப்படித்தான். யாரு அனுப்பினதுன்னு மேலேயே பேர் இருக்கு, வாசிச்சிக்கோங்க."

பெயரை வாசிக்கத் தேவையில்லை. சசிக்குமார் வேனோடு நிற்கும் சின்னப் படம் அங்கே இருந்தது. ஜெனிஸ்டா "மன்னிச்சுக்கோ, தங்கச்சி" என்றார். அடுத்த பஸ்ஸிலேயே திரும்பினோம்.

பிள்ளைகளை இறக்கிவிட்டு 1.50க்கு வேன் வந்தது. சசிக்குமார் இறங்குவதற்கு முன்பே ஜெனிஸ்டா மற்றக் கதவைத் திறந்து, டாஷ்போர்ட் லொக்கரை இழுத்தார். காப்புறுதிப் பத்திரம், ஒரு துடைக்கும் துணி, அதற்குள் சுற்றி ஒரு சிறிய கண்மை டப்பி. அதை அவர் கண்ணுக்கு நேரே பிடித்தார்.

"என்னங்க இது?"

சசிக்குமார் ஸ்டியரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு சொன்னார்: "எட்டாயிரம் பேர் பாத்தாங்கன்னு நீதானே கைதட்டின?"

"பாக்கத்தானே போடுறோம்?"

"எட்டாயிரம் பேருன்னா பதினாறாயிரம் கண்ணு, ஜெனி. ஒரு கண்ணு பட்டாலே ஒரு குடும்பம் தாங்காது. அந்தப் படம் போட்டு மூணாம் நாள் கிரைண்டர் எரிஞ்சிச்சு. நாலாம் நாள் உன் கால் சுளுக்கிச்சு."

"கால் சுளுக்கினது தரையில தண்ணி கிடந்ததால."

"அன்னைக்கு மட்டும் ஏன் தண்ணி கிடந்துச்சு?"

ஜெனிஸ்டா டப்பியைத் திறந்து பார்த்தார். சசிக்குமார் தொடர்ந்து சொன்னார்: "சின்னதா ஒரு பொட்டு. போத்தலுக்கு வெளியில. படம் எடுத்ததும் துடைச்சிருவேன். குழந்தைக்கு வைக்கிறதில்லையா, அந்த மாதிரி. உன்கிட்ட சொன்னா பாதர்கிட்ட போவ."

"ரோஜாப்பூ வட்டம் போட்ட அன்னைக்கே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"நிஷ்மியா போறத பாத்துக்கிட்டு நின்னீங்க."

"விடுன்னு சொன்னேனே."

"விடுன்னு சொன்னீங்க. நான்தான் செஞ்சேன்னு சொல்லல."

சசிக்குமார் தலையைக் குனிந்துகொண்டார். "வாய் வரல" என்றார். ஜெனிஸ்டா டப்பியை எறிவார் என்று நினைத்தேன். எறியவில்லை. மூடியை இறுக்கிப் பூட்டி, உள்ளே கொண்டுபோய் மேசையில் வைத்தார்.

அன்று மாலை அவர் என்னிடம் வந்தார். நான் என் அபிப்பிராயத்தைச் சொன்னேன். தட்டுக்கு இன்னும் ஏழு நாள். ஹாஜியார் திருப்தியாக இருக்கிறார். அறிவித்தலுக்கு 640 பேர் சரி சொல்லிவிட்டார்கள். நிஷ்மியாவின் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டு, திரும்ப வரச் சொல்லலாம். பக்கத்தைத் தொட வேண்டாம். ஒரு முறை சொன்னதை மாற்றினால், அடுத்த முறை எதைச் சொன்னாலும் சந்தேகப்படுவார்கள்.

"அங்கிள்," என்றார் ஜெனிஸ்டா, "கறைய ஊருக்கே காட்டிட்டு, கழுவினத மட்டும் வீட்டுக்குள்ள காட்டுறதா?"

"தட்டுப் போகும்."

"போகும்னு எனக்கும் தெரியும்." வாசல்வரை போய்த் திரும்பி, "போகாமலும் இருக்கலாம்" என்றார். அதை அவரே நம்பியதாகத் தெரியவில்லை.

ஜூலை 9, செவ்வாய் காலை அவரும் நானும் நிஷ்மியாவின் வீட்டுக்குப் போனோம். பிழையான தாளை எழுதியவன் என்ற முறையில் நானும் போகவேண்டியிருந்தது. நிஷ்மியா தையல் மெஷினை நிறுத்தவில்லை. ஜெனிஸ்டா முழுவதையும் சொல்லி முடிக்கும்வரை ஒரு தலையணை உறையின் மூன்று பக்கத்தைத் தைத்துவிட்டார். நான் ஹஜ்ஜுப் பெருநாள் வரியைக் காட்டினேன். அதை மட்டும் இரண்டு தடவை வாசித்தார்.

"பெருநாளன்னைக்கும் நான்தான் வந்து அழுக்காக்கினேன்னு எழுதியிருக்கீங்க," என்றார். "நல்ல கணக்கு."

"என் பிழை," என்றேன்.

"பக்கத்துல சொல்லப் போறேன்," என்றார் ஜெனிஸ்டா. "உன் பேர் சொல்லாம, உதவிக்கு வந்தவங்கமேல பிழை இல்லைன்னு."

மெஷின் நின்றது. "இல்லக்கா. பேர் சொல்லித்தான் சொல்லணும். பேர் சொல்லாமத்தான் என்னை நீக்கினீங்க, ஊருக்கே தெரிஞ்சிச்சு. இப்ப பேர் சொல்லாம பிழை இல்லைன்னா ஒருத்தருக்கும் தெரியாது."

அன்று மாலை 4.10க்கு ஜெனிஸ்டா குசினியில் போனை அரிசி டின்னில் சாய்த்து வைத்து ஒரு வீடியோ எடுத்தார். இரண்டு நிமிடம் பதினெட்டு விநாடி. தங்க எழுத்து இல்லை, சர்மிளாவுக்கு அனுப்பவும் இல்லை. சசிக்குமார் போத்தலின் அடியில் மையால் பொட்டு வைத்தார், படம் எடுத்தார், துணியால் துடைத்தார். அத்தனையும் வீடியோவில் தெரிகிறது. பிறகு ஜெனிஸ்டா பேசினார்: "என் கணவர் கண்ணூறு படக்கூடாதுன்னு வச்ச பொட்டு இது. பூஞ்சணம் இல்ல. நிஷ்மியா எந்தப் பிழையும் செய்யல. பாக்காம அவங்கள நீக்கினது நான். அந்த அறிவித்தல் பொய்." போட்ட பின்பு அறிவித்தலை நீக்கப் போனார். வேண்டாம், அதுவும் இருக்கட்டும், அதற்கு மேலே இதுவும் இருக்கட்டும் என்று நிஷ்மியா போனில் சொல்லிவிட்டார்.

கொமென்ட்டுகளை மறுநாள் காலைவரை நான் எண்ணினேன். எண்பத்துநான்கு. முப்பத்தொன்று சிரிப்பு. "எங்க வீட்டு லொறிலயும் பொட்டு இருக்கு" என்று எழுதியவர்கள் ஒன்பது பேர். மிச்சத்தில் பாதிக்கு மேல் நம்பவில்லை. "நல்ல நாடகம்", "பூஞ்சணத்துக்குப் பொட்டுன்னு புதுப் பேரா", "அந்தப் பிள்ளைய மிரட்டிச் சம்மதிக்க வச்சிட்டாங்க" என்று எழுதினார்கள். கோயில் பாடகர் குழுவில் இருக்கும் ஒருவர், கிறிஸ்தவ வீட்டில் மை டப்பிக்கு என்ன வேலை என்று கேட்டிருந்தார். ரோஜாப்பூக் கணக்கு அன்றிரவு காணாமல் போயிற்று. அது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வெள்ளரிக்காய் அச்சாறு விற்பவர் வழியில் கண்டால் இப்போதெல்லாம் நன்றாகச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பிலிருந்து ஒன்றையும் முடிவுகட்ட முடியாது.

ஜூலை 10, புதன் காலை ஹாஜியார் பேசினார். கோபம் இல்லை. அதுவே நல்ல அறிகுறி அல்ல என்று எனக்குப் பட்டது.

"தங்கச்சி, உண்மைய சொன்னீங்க. சந்தோஷம். எங்க ஊர்ப் புள்ளைய பேர் சொல்லிச் சுத்தப்படுத்தினீங்க, அதுக்கும் சந்தோஷம்."

"தட்டு, ஹாஜியார்?"

"போன கிழமை ஒண்ணு சொன்னீங்க, நான் நம்பினேன். இந்தக் கிழமை வேற சொல்லுறீங்க, இதையும் நம்புறேன். என்ட கடைக்கு வாற ஆள் போன்ல உங்க பேரத் தட்டினா ரெண்டும்தான் வரும். அவன் எத நம்புவான்?"

"புரியுது."

"வேற ஆளுக்குச் சொல்லிட்டேன். டிசம்பர்ல சாதிக்காய் திரும்ப வரும்தானே, அப்ப பேசுவோம், இன்ஷா அல்லாஹ்."

ஜெனிஸ்டா தொழிற்சாலைக்குப் போய்க் கேட்டார். எடுக்கவில்லை. உக்குவளை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இரண்டு கடைகள் வாரத்துக்குப் பத்துப் பத்துப் போத்தல் எடுக்கின்றன. வீடியோவைப் பார்த்துவிட்டு வத்தளையிலிருந்து ஒருவர் ஆறு கேட்டார். பொட்டு வைத்த போத்தல்தான் வேண்டும் என்றார். கேலியா உண்மையா என்று ஜெனிஸ்டா இரண்டு நாள் யோசித்தார். பிறகு பொட்டில்லாமல் அனுப்பினார்.

ஜூலை 15, திங்கட்கிழமை காலை எட்டரைக்கு நிஷ்மியா வந்தார். கொடியில் தொங்கிய ஏப்ரனை எடுத்துக் கட்டுவதற்கு முன்னால் வாசலிலேயே நின்று சொன்னார்.

"வாறேன் அக்கா. ஒரு விஷயம். அந்தப் பக்கத்த திறக்கிற உரிமை எனக்கும் வேணும். நீங்க என்ன போட்டாலும், போடுறதுக்கு முந்தி எனக்குத் தெரியணும்."

"என்னை நம்ப மாட்டியா?"

"நம்புறேன். ஆனாலும் வேணும்."

ஜெனிஸ்டா மறுக்கவில்லை. போனை எடுத்து அங்கேயே சேர்த்துக் கொடுத்தார். உள்ளே இருந்து எட்டிப் பார்த்த சசிக்குமாரிடம் நிஷ்மியா, "அண்ணே, இனி படம் நான் எடுக்கிறேன். உங்களுக்குக் கட்டாயம் பொட்டு வைக்கணும்னா உங்க நெத்தியில வைங்க" என்றார். ஜெனிஸ்டாவுக்கு அந்த இரண்டு வாரத்தில் முதன்முறையாகச் சிரிப்பு வந்தது. சசிக்குமார் சிரிக்கவா வேண்டாமா என்று தெரியாமல் வேனுக்குப் போனார்.

அன்று பதினெட்டுப் போத்தல் அடைத்தார்கள். மாலையில் நான் பதிவேட்டை விரித்துத் திகதியையும் எண்ணிக்கையையும் எழுதினேன். மூன்றாவது நிரலுக்கு வந்ததும் நிஷ்மியா கையை நீட்டிப் பேனையை வாங்கினார். தன் பெயரைத் தானே எழுதி, வந்த நேரத்தையும் போகிற நேரத்தையும் பக்கத்தில் போட்டு, நான் எழுதிய எண்ணிக்கையைப் போத்தல்களோடு ஒரு முறை சரிபார்த்துவிட்டு, பேனையைத் திருப்பித் தந்தார்.